ஆறு இலக்கம்

எரித்ரியாவுக்கு இனி போன் பேசலாம் என்று
ரேடியோ சொன்னபோது
அதிக்ராத் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
லாரி டியூபைத் தொட்டியில் அமுக்கி
ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன்.
இருபது வருடம் கழித்துக்
கம்பிகளை மட்டும் மன்னித்துவிட்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு போய்
பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.
ஒரு தீப்பெட்டி அட்டை.
பென்சிலில் ஆறு இலக்கம்.
நாலாவது ஒன்றா ஏழா என்று
இன்றுவரை சந்தேகம்.

ஸொரோனா முனையில்
எங்கள் குழிக்கும் அவர்கள் குழிக்கும் இடையே இருந்தது
ஒரு கழுதை வயிறு நிறையாத நிலம்.
கல். கல்லுக்கடியில் தேள்.
அதற்காகத்தான்.

ராத்திரி யாராவது இருமினால்
எந்தப் பக்கத்து இருமல் என்று தெரியாது.
அவர்கள் வறுக்கும் காப்பிக்கொட்டை
எங்கள் மூக்கில் வந்து கருகும்.
"கருக்காதேடா, இறக்கு!" என்று
கெப்ரெஹிவெட் கத்துவான்.
"உன் அம்மாவை அனுப்பு, அவள் வறுக்கட்டும்"
இருட்டிலிருந்து பதில் வரும்,
எங்கள் பாஷையிலேயே,
எங்கள் ஊர் இழுப்போடு.
மொழிபெயர்க்க ஆள் வேண்டாத சண்டை.
இரண்டு பக்கமும் சிரித்து ஓயும்.
விடிந்தால் சுடுவோம்.

அவனை நான்தான் சுட்டேனா, சொல்ல முடியாது.
எல்லோரும் சுட்டோம்.
கெப்ரெஹிவெட்டும் அன்றைக்குத்தான்.
மூன்றாம் நாள்
பிணங்களுக்கு நடுவே
தண்ணீர்க் குடுவை தேடிப் போனேன்.
அதுதான் உண்மை,
இரக்கம் எல்லாம் பிறகு வந்தது.

கறுப்பு பிளாஸ்டிக் செருப்பு.
இடது வார் அறுந்து
கம்பியால் முடிந்திருந்தான்,
நான் முடிகிற அதே இரட்டைச் சுருக்கு.
குடுவை காலி.
சட்டைப்பையில் தீப்பெட்டி, மூன்று குச்சி.
குச்சிகளை அன்றைக்கே கிழித்துவிட்டேன்.

அப்புறம் எங்கோ ஒரு குளிர் ஊரில்
கோட் போட்டவர்கள் கோடு போட்டார்கள்.
எந்தக் கல் யாருடையது என்று தீர்ப்பு வந்தது.
கல்லுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்று போட்டேன். மணி அடிக்கவில்லை.
ஏழு போட்டேன்.

"ரொட்டி தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா"
என்றாள் ஒரு பெண்.
பின்னால் தகரத் தட்டுகளை அடுக்கும் சத்தம்.

அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது
அப்போதுதான் உறைத்தது.
என்ன என்று விசாரிப்பது?
இடது செருப்பு அறுந்தவன்
உங்கள் வீட்டில் யாராவது உண்டா என்றா?

"ராங் நம்பர்" என்றேன்.
"எங்கேயிருந்து?"
"அதிக்ராத்."

தட்டுச் சத்தம் நின்றது.
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
நானாக இருந்தால் வைத்திருப்பேன்.

"அங்கே மழை வந்துவிட்டதா?"

"நேற்று ஒரு தூறல்."

"இங்கே இல்லை. மேகமெல்லாம் உங்கள் பக்கமே நிற்கிறது."

வெங்காயம் என்ன விலை என்றாள்.
சொன்னேன்.
அடேயப்பா என்றாள்.
பிறகு, நான் கேட்காமலே,
"எங்கள் வீட்டில் இரண்டு பேர் போனார்கள்,
ஒருத்தன் வந்தான்" என்றாள்,
வெங்காய விலை கேட்ட அதே குரலில்.

எந்த முனைக்கு என்று கேட்க
வாய் திறந்தேன்.
வெளியே லாரிக்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்தான்.

"நாளைக்குக் காலையில் கூப்பிடு,
ரொட்டி இருக்கும்போது"
என்றாள், எல்லைக்கு அந்தப் பக்கம்
பஞ்சர் ஒட்டுகிறவனிடம்.

டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினேன்.
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து
அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.
சாயங்கால வெயிலில்
அட்டையை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தேன்.

ஒன்றாகவும் இருக்கலாம்.